மாத மளிகை எங்கே வாங்குவது: கீழமாசி வீதியா, சூப்பர் மார்க்கெட்டா, தெருமுனை அண்ணாச்சியா?

மதுரையில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம், வீட்டில் ஒரு ஸ்கூட்டர், அரிசி வாங்கும் ரேஷன் அட்டை. இவர்கள் மாத மளிகையை எங்கே வாங்கினால் கையில் கொஞ்சம் காசு நிற்கும்? கோவையிலோ திருச்சியிலோ இருப்பவர்கள் கடைத்தெருவின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். கணக்கு பெரிதாக மாறாது.

மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வைப் பார்த்தால், இந்திய நகரங்களில் ஒரு குடும்பம் செலவு செய்யும் 100 ரூபாயில் ஏறக்குறைய 40 ரூபாய் சாப்பாட்டுக்குப் போகிறது. கிராமங்களில் 47. அந்தச் சாப்பாட்டுச் செலவுக்குள் முதலிடம் பிடிப்பது அரிசியோ பருப்போ இல்லை, பானங்களும் பதப்படுத்திய தின்பண்டங்களும். ஆகவே கடைகளை ஒப்பிடும்போது கிலோ விலையோடு இன்னொன்றையும் நான் சேர்த்துப் பார்க்கிறேன்: லிஸ்டில் இல்லாத சாமான் எந்தக் கடையில் பைக்குள் ஏறாமல் இருக்கும்? பருப்பில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, பில் போடும் இடத்தில் இரண்டு சாக்லேட்டை எடுத்துப் போட்டால் சரியாகிவிட்டது.

ரேஷன் கடையை இந்தப் போட்டியில் சேர்க்கவே முடியாது, அதன் விலைக்கு வேறு எந்தக் கடையும் கிட்டே வராது. அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அட்டைக்கு ஒவ்வொன்று. சர்க்கரை கிலோ 25 ரூபாய், ஆளுக்கு அரைக் கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்களுக்கு அதே சர்க்கரை 13 ரூபாய் 50 காசு. வெளிக்கடையில் பருப்பு 130, எண்ணெய் 130, சர்க்கரை 45 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், மூன்றிலும் சேர்த்து மாதம் 245 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு மூவாயிரத்தைத் தொடும். அரிசியை இதில் சேர்க்கவில்லை.

கூட்டம், கைரேகை பதியாமல் நிற்பது, பருப்பு மாதக் கடைசியில்தான் வருவது எல்லாம் உண்மைதான். லோடு எந்த நாளில் இறங்குகிறது என்று எடை போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். ரேஷன் புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போடலாம். கடை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து அரைக்கும் வீடுகள் ஏராளம். பாமாயில் உடம்புக்கு ஆகாது என்று வாங்காமல் விடுகிறவர்களிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: வீட்டில் இருக்கும் பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சரி, ரேஷன் போக மீதிக்கு வருவோம்.

மதுரைக்காரர்களுக்கு மொத்த மளிகை என்றால் கீழமாசி வீதி. பருப்பும் மிளகாயும் மல்லியும் மூட்டை மூட்டையாக வாய் திறந்து இருக்கும், மிளகாய் நெடியில் தும்மாமல் அந்தத் தெருவைக் கடப்பது சிரமம். சில கடைகளில் மூட்டையாக மட்டும்தான் தருவார்கள், பல கடைகளில் கிலோக் கணக்கிலும் உண்டு. “சில்லறை போடுவீங்களா?” என்று முதலிலேயே கேட்டுவிட்டால் போதும். பேரம் பெரிதாக நடக்காது, ஏனென்றால் அவர்கள் சொல்லும் விலை அன்றைய மார்க்கெட் விலையை ஒட்டியே இருக்கும். பக்கத்து விருதுநகர் மார்க்கெட் நிலவரம் தமிழ்ப் பத்திரிகைகளில் காலங்காலமாக வருகிறது. பருப்பு, வற்றல், எண்ணெய் என்று மூட்டைக்கும் டின்னுக்கும் விலை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் கடைக்காரர் பேசும் தோரணையே வேறாக இருக்கும்.

இங்கே விலையைவிட ரகம் முக்கியம். துவரம்பருப்பு என்று ஒரே பெயரில் நான்கு மூட்டை இருக்கும், நான்குக்கும் நான்கு விலை. உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் தூசியும் உடைசலும் எவ்வளவு என்று தெரியும். பத்து ரூபாய் குறைந்த பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாகக் கேட்டால், மிச்சத்தில் கொஞ்சம் கேஸ் அடுப்பிலேயே எரிந்துபோகும். அரைக் கிலோ வாங்கிப் போய் வேகவைத்துப் பார்த்துவிட்டு மறுமாதம் ஐந்து கிலோவாக வாங்குவதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. உளுந்துக்கு இது இன்னும் பொருந்தும். மாவு பொங்கி வருகிறதா என்பது ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும், மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மொத்தக் கடையில் உண்மையான லாபம் பருவத்தில் வாங்குவதில் இருக்கிறது. புதுப் புளியும் ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாயும் மாசி, பங்குனி வாக்கில் வரத்தாகும். வரத்து கூடும்போது விலை இறங்கும். அந்தச் சமயத்தில் வருடத்துக்கு வேண்டிய புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்புத் தடவிப் பானையில் அடைத்து வைப்பது நம் பாட்டிமார் செய்ததுதான். புளி கெடாது, பழகப் பழகக் கறுக்கும், அவ்வளவுதான். மிளகாயும் மல்லியும் பங்குனி வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்தால், சின்ன பாக்கெட் மசாலாத் தூளுக்குக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு மிஞ்சும். ஆனால் பருப்பை இப்படி வருடத்துக்கு வாங்கி வைக்காதீர்கள், வண்டு வைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் அபார்ட்மென்ட் வீட்டு அலமாரி தாங்காது.

போக வரச் செலவையும் போடவேண்டும். வீட்டிலிருந்து போய்வர 12 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 27 ரூபாய். வண்டி நிறுத்த ஒரு பத்து, தொண்டைக்கு ஒரு ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்பினால் ஏறத்தாழ 40 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம் என்றால், எட்டுக் கிலோ வாங்கும்வரை லாபம் பூஜ்யம். எட்டுக்கு மேல்தான் மிச்சமே ஆரம்பிக்கிறது. வீட்டுப் பெண்கள் போவதாக இருந்தால் கணக்கு மாறும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஐந்து கிலோ வாங்கினாலும் மிச்சம்தான். பத்துக் கிலோப் பையோடு பஸ் ஏறி இறங்குவது யார் தோளுக்கு வலி என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும். பணக் கணக்கில் அந்த வலியை யாரும் எழுதுவதில்லை.

அரிசியைக் கீழமாசி வீதியிலிருந்து தூக்கி வரவேண்டியதில்லை. எல்லா ஏரியாவிலும் அரிசிக் கடை இருக்கிறது, சிப்பத்தை வீட்டு வாசலில் இறக்கிவிட்டே போவார்கள். அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். 25 கிலோ சிப்பம் என்று பழகியிருந்த இடத்தில் 26 கிலோ மூட்டைகள் வந்தன. காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை, எதிரிலேயே நிறுத்துப் பொட்டலம் போடும் உதிரிச் சரக்குக்கும் இல்லை. கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோவுக்கு வரி மட்டும் 75 ரூபாய். ஆகவே ஐந்து கிலோ, பத்துக் கிலோ அழகான பைகளில் அரிசி வாங்குகிறவர்கள் வரியையும் பையின் அழகையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பளபளக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்ட பருப்பைவிட அண்ணாச்சி கடையில் நிறுத்துத் தரும் பருப்பு சில சமயம் மலிவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

அதற்காகச் சூப்பர் மார்க்கெட்டை ஒதுக்கிவிட முடியாது. சோப்பு, பற்பசை, துணித்தூள், டீத்தூள், பாத்திரம் விளக்கும் சோப்பு, பாக்கெட் எண்ணெய் ஆகியவற்றில் எம்ஆர்பியைவிடக் குறைத்து விற்பதில் பெரிய தள்ளுபடிக் கடைகளை யாரும் மிஞ்ச முடியாது. டிமார்ட் போன்ற நிறுவனம் இதை எப்படிச் செய்கிறது என்பது ஒன்றும் மர்மமில்லை. கட்டடம் பெரும்பாலும் சொந்தம் என்பதால் வாடகைச் சுமை குறைவு. சரக்குக் கொடுக்கிறவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். அலங்காரத்துக்குச் செலவில்லை. தெருமுனைக் கடைக்காரர் ஏஜென்சியிடம் இரண்டு பெட்டி சோப்பு வாங்கி இந்த விலையைக் கொடுக்க வழியே இல்லை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகவேண்டிய கடை இதுதான். எண்ணெய் அலமாரிக்கு முன்னால் நின்று பாருங்கள். ஒரு பாக்கெட்டில் 1 லிட்டர், 910 கிராம் என்று இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான், அதில் ஏமாற்று இல்லை. அதன் பக்கத்தில் பார்வைக்கு அதே உயரத்தில் 800 கிராம் பாக்கெட் நிற்கும். முதலாவது 138 ரூபாய், இரண்டாவது 125 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கை தானாக 125 பக்கம் போகும். 800 கிராம் 125 ரூபாய் என்றால் 910 கிராமுக்கு 142 ரூபாய் ஆகிறது. மலிவு என்று எடுத்த பாக்கெட்டில் லிட்டருக்கு நான்கு ரூபாய் அதிகம். இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கு, அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று எம்ஆர்பி பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே ஒரு கவனம்: அந்த எண் எம்ஆர்பியைக் கொண்டு போட்டது. கடைக்காரர் தள்ளுபடி போட்ட பிறகு எது மலிவு என்பதற்குச் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துதான் ஆகவேண்டும்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கையும் எல்லாவற்றுக்கும் செல்லாது. துணித்தூளில் பெரும்பாலும் சரி. ஷாம்பூவில் பல பிராண்டுகளில் தலைகீழ்: மில்லிலிட்டர் கணக்குப் போட்டால் சாஷே சரம்தான் மலிவாக வருகிறது. ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்பதற்கு முன்னோடி நம் கடலூர் சின்னிகிருஷ்ணன் என்பார்கள். ஏழைக்காக வந்த பொட்டலத்தைப் பாட்டில் வாங்கும் வசதி உள்ளவர்களும் திரும்பிப் பார்க்கலாம், குப்பை சேருவதைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள் என்றால்.

அப்புறம் தள்ளுவண்டியும் குழந்தைகளும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சூப்பர் மார்க்கெட் போவது பொழுதுபோக்கு, அந்தச் செலவைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிவிடுங்கள். மிச்சம் பிடிக்கப் போகிறவர் தனியாக, சாப்பிட்ட பிறகு, வாரநாளில் போகவேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். சோப்பும் பற்பசையும் கெட்டுப்போகிற சாமான் இல்லை.

தெருமுனை அண்ணாச்சி கடைக்கு வருவோம். பாக்கெட் சாமான் இங்கே பெரும்பாலும் எம்ஆர்பிக்குத்தான் வரும், அதனால் விலை கூட என்று முத்திரை குத்திவிடுகிறோம். நான் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. மாத லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், சாயங்காலம் பையன் வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறான். அந்த லிஸ்டில் ‘உளுந்து 3 கிலோ’ என்று எழுதிய இடத்தில் 3 கிலோதான் வரும், கூடவே ஒரு நூடுல்ஸ் பாக்கெட் வராது. அலமாரியைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவதில் இருக்கும் மிச்சம் எந்தத் தள்ளுபடி போர்டிலும் எழுதப்படுவதில்லை. பெட்ரோல் இல்லை, பார்க்கிங் இல்லை, பை இல்லாமல் போய்விட்டால் பைக்குக் காசும் இல்லை. பருப்பில் வண்டு இருந்தால் மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம், பில் எங்கே என்று கேட்க மாட்டார்.

கணக்கு நோட்டு மட்டும் இரண்டு பக்கமும் வெட்டும். மாசக் கடைசியில் கையில் காசில்லாமல் பால்பவுடர் வாங்க முடிவது அந்த நோட்டால்தான். அதே நோட்டுதான் நாம் வாங்கியது எவ்வளவு என்பதை மறக்கடிக்கிறது. கடன் வைக்கிற வாடிக்கையாளர் விலை கேட்பதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆகவே அண்ணாச்சியிடம் மாத லிஸ்ட்டை ரொக்கத்துக்கு வாங்கி, “மொத்தமா எடுக்கிறேன், பார்த்துப் போடுங்க அண்ணாச்சி” என்று கேட்டுப் பாருங்கள். உதிரிச் சரக்கில் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைப்பார், பெரும்பாலும் மறுக்க மாட்டார். கீழமாசி வீதிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிறகு சொற்பம்தான். இருவரும் வாங்குவது கிட்டத்தட்ட ஒரே மூட்டையை.

காய்கறிக்கு மதுரையில் யோசிக்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது இங்கே அண்ணா நகரில்தான். சொக்கிகுளம், பழங்காநத்தம் பக்கம் இருப்பவர்களுக்கும் சந்தை உண்டு. காலையில் அதிகாரிகள் மொத்த மார்க்கெட் விலையைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே என்று அன்றைய விலையைப் போர்டில் எழுதிவிடுவார்கள். நடுவில் தரகர் இல்லை. கத்தரி, வெண்டை, கீரை, புடலை போன்ற நம் பக்கத்துக் காய்களில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயத்தில் அவ்வளவு இருக்காது, அதை எங்கும் வாங்கலாம். ஆறரை மணிக்குப் போனால் பொறுக்கி எடுக்கலாம், பத்து மணிக்குப் போனால் மற்றவர்கள் பொறுக்கிப் போட்டதை எடுக்கலாம். அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாதவர்கள் நுழைவாயில் போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், தள்ளுவண்டிக்காரரிடம் அன்று சாயங்காலம் என்ன விலைக்கு வாங்கலாம் என்று ஒரு அளவுகோல் கையில் இருக்கும். ஆனால் அவரிடம் சந்தை விலைக்கே கேட்டு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர் வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வருகிறார், கறிவேப்பிலையைக் கொசுறாகவும் போடுகிறார்.

கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகளை இளையவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் போல நீண்ட வரலாறு உள்ள அமைப்புகள் இவை. எல்லாச் சாமானும் எல்லா நாளும் இருக்காது. இருக்கும் நாளில் விலை நியாயமாக இருக்கும். வழியில் இருந்தால் நுழைந்து பாருங்கள், இதற்கென்று தனியாகப் போக வேண்டாம். ஆவின் பாலுக்கு மாத அட்டை வாங்கினால் சில்லறை விலையைவிடக் குறையும் என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டு வந்து கொடுக்கும் ஆப்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாமான் விலையில் சில சமயம் தள்ளுபடிக் கடைக்கு இணையாகவே இருப்பார்கள். டெலிவரிக் கட்டணம், கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்கு ஒரு கட்டணம், மழை பெய்தால் இன்னொன்று என்று பில்லின் அடியில்தான் விஷயம் இருக்கும். கட்டணம் வேண்டாம் என்று குறிப்பிட்ட தொகையை எட்ட இரண்டு சாமான் சேர்க்கிறோமே, அது ஐஸ்கிரீமாகத்தான் இருக்கும். உப்பு தீர்ந்துபோன நேரத்தில் விருந்தாளி வந்தால் பயன்படுத்துங்கள். மாத மளிகைக்கு வேண்டாம்.

எனவே அந்த நான்கு பேர் குடும்பத்துக்கு என் தீர்ப்பு இப்படி: ரேஷனில் கிடைப்பதை விடாமல் வாங்குவது, அரிசி சிப்பமாக ஏரியா அரிசிக் கடையில், புளி மிளகாய் மல்லி வருடத்துக்கு ஒருமுறை கீழமாசி வீதியில், பருப்பும் மற்ற உதிரிச் சரக்கும் ரொக்கத்துக்கு அண்ணாச்சியிடம், சோப்பு வகையறாவும் எண்ணெயும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தள்ளுபடிக் கடையில், காய் உழவர் சந்தையில். பார்க்க ஐந்தாறு கடை போலத் தெரிந்தாலும் அண்ணாச்சியும் சந்தையும் தவிர மற்றவை அடிக்கடி போகிற இடங்கள் இல்லை.

இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, கீழமாசி வீதியும் தள்ளுபடிக் கடையும் தேவையில்லை. அவர்கள் வாங்கும் அளவுக்கு மிச்சம் ஆட்டோ வாடகைக்கே காணாது. அண்ணாச்சியும் ரேஷனும் போதும்.

தினக்கூலி வாங்கும் வீடுகளுக்கு மேலே சொன்ன பாதி யோசனை ஒத்துவராது. மொத்தமாக வாங்க முதலில் மொத்தமாகக் காசு வேண்டும். ஐம்பது மில்லி எண்ணெய், கால் கிலோ பருப்பு என்று வாங்குகிறவருக்குக் கிலோ விலை அதிகம் விழுகிறது என்று அவருக்கே தெரியும். அங்கே நடைமுறைக்கு ஆகிற ஒரு வழி, ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு சாமானை மட்டும் மொத்தமாக வாங்கத் தொடங்குவது. நன்றாக வேலை கிடைத்த வாரத்தில் முதலில் எண்ணெய், ஏனென்றால் தினமும் சின்னச் சின்னதாக வாங்குவதில் காசு அதிகம் போவது அதில்தான். அடுத்த மாதம் எண்ணெய்க்குக் கொடுக்காமல் மிஞ்சும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் இரண்டு கிலோ உளுந்து. அதற்கடுத்த மாதம் துவரை.